அவுட்பாக்ஸில் கிடக்கும் கடிதம்

யோகேஸ் அப்பாவுக்கு,

ரொட்டியும் கட்டச்சம்பலும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். தூங்கட்டும் என்று எழுப்பாமல் பள்ளிக்கூடம் போகிறேன்.

விடிந்ததும் கம்பியூட்டரைப் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஒரே மூடுபனி, மலையே இல்லாதது போல. கனடாவில் இருக்கும் நம் மகன் யோகேஸிடம் மன்னிப்புக் கேட்டு நீங்கள் எழுதிய மெயில் அவுட்பாக்ஸிலேயே கிடக்கிறது. கடிதத்தைத் தோட்ட ஆபீஸ் பெட்டியில் போட்டால் தபால்காரர் எடுத்துப் போவார். இதை அப்படி யாரும் எடுத்துப் போகமாட்டார்கள். போன் லைன் கொடுத்து நாம்தான் அனுப்ப வேண்டும். "ஒம் மவனுக்கு ரோசம், பதில் போடமாட்டான்" என்று மூன்று வாரமாகச் சொன்னீர்களே, அவனுக்கு அது போய்ச் சேரவே இல்லை. அவன் மௌனத்துக்கு நாமாகவே ஒரு கோபத்தைக் கொடுத்துவிட்டோம்.

போன் வயரைக் கழற்றிக் கம்பியூட்டரில் செருகி லைன் எடுங்கள். மோடத்தின் இரைச்சல் அடங்கியதும் 'சென்ட்' பட்டனை அழுத்துங்கள். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி அக்காவுக்கு அவள் மகள் நம் போனுக்குத்தான் கோல் எடுப்பாள், அதற்குள் வயரைத் திரும்பவும் போனில் மாட்டிவிடுங்கள்.

நானே அனுப்பியிருக்கலாம். பனி விலகும்வரை அந்த மெயிலைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். உங்கள் கையாலேயே போகட்டும்.

புவனா

உங்கள் மெயிலில் முதல் வரிக்கு மேல் படிக்கவில்லை என்று எழுத நினைத்தேன். முழுவதும் படித்தேன். ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள்.