ஒற்றைச் செருப்பு

முன்ஸிப் தம்பி,

இடியப்பமும் சொதியும் மேசையில். பதுளைக்குப் போகிறேன், அஸர் தொழுகைக்கு முன் வருவேன்.

ரேடியோவைக் கழற்றாதே. பழுது அதில் இல்லை, உன் சுத்தத்தில். உன் கூடப்பிறந்த நானா தன் கையால் கட்டிய விமானத்தில், ஹெட்செட் செருகும் ஜாக்குகளைச் சுற்றிப் போட்ட ரப்பர் வளையங்களைக் "குப்பை, மதினி" என்று எறிந்தாயே, மேதாவி! இப்போது ஜாக் உலோகத் தகட்டில் முட்டி, என்ஜின் இரைச்சல் காதுக்குள் வருகிறது.

அவை என் செருப்பில் வெட்டியவை. "ஒத்தச் செருப்பு போதும் புள்ள, பறக்கத்தானே போறோம்" என்றார். அன்று சோறு போடவில்லை நான்.

அவர் மௌத்தாகி அடக்கம் முடிந்தபின் மற்றச் செருப்பையும் எறியப் பார்த்தாய். அலுமாரியில் ஒளித்திருக்கிறேன். அதில் புது வளையங்கள் வெட்டு.

விமானம் நிற்கும் ஷெட் சாவி பிரிட்ஜுக்கு மேலே.

பக்கத்து இருக்கை ஜாக்குக்கும் வெட்டு. அதில் நான்தான் வருவேன்.

மதினி