கௌரிக்குத் தோள் வைத்தேன்

என் கண்ணு,

நாளைக்குப் பூஜைக்குக் கௌரி அம்மன் தாய்வீட்டுக்கு வருகிறாள். அவளை நிறுத்தும் இரும்பு ஸ்டாண்டு துருவேறி உடைந்துவிட்டது. அதற்காகக் கடைக்கு யார் அலைவது? கோதுமை டின்மேல் தண்ணீர் கேனை வைத்து, கேன் கழுத்தில் ஹேங்கரைக் கட்டினேன். தோள் விறைப்பாக நின்றது. ஹேங்கரை வளைத்து, பழைய துணியைச் சுற்றினேன். உன் தோள் மாதிரியே சரிந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, நம்பு.

புடவையும் கைக்கு வந்ததைத்தான் எடுத்தேன். நீ விட்டுப்போன பச்சைப் புடவை. தலைக்கு ஒரு சொம்பைக் கவிழ்த்து முக்காடு போட்டேன். பித்தளை முகத்தைப் பொருத்துவதற்குள் எண்ணெயில் கரஞ்சிப் பலகாரம் கருகும் வாசனை வந்தது. அடுப்படிக்கு ஓடினேன்.

அந்நேரம் பார்த்து உன் பாபா உள்ளே வந்தார். உன் கல்யாணத்துக்குப் பிறகு, இந்த வீட்டில் மகள் பெயரையே எடுக்கக் கூடாது என்ற அதே மனுஷன். பச்சைப் புடவையின் முதுகுப்புறத்தைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"எப்பம்மா வந்தே? சாப்பிட்டியா?"

நான் எட்டிப் பார்ப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. கௌரியின் தலைக்குமேல் இருந்த ஃபேனைப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் கௌரியை வழியனுப்ப வேண்டும். அந்த ஃபேனை யார் அணைப்பது என்றுதான் தெரியவில்லை.

உன் ஆயி