மூன்று திங்கட்கிழமைகளின் கடல்நீர்

அனுப்புநர்:
பொன்னையா பிரியந்தினி,
மேற்பிரிவு லயம், றொசல்ல,
வட்டவளை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
கரையோர நீர் ஆய்வு நிலையம்,
நீர்கொழும்பு.

விடயம்: கடல்நீர் மாதிரிகள் பிழையாக எடுக்கப்பட்டமையும் எனக்குப் படகுப் பணி மறுக்கப்பட்டமையும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த ஜனவரி முதல் தங்கள் நிலையத்தில் கள உதவியாளராகப் பயிற்சி பெறுகிறேன். என்னுடன் தெரிவான செல்லசாமி வினோதாவும் எங்கள் தேயிலைத் தோட்டத்தவரே, அடுத்த லயத்து வீட்டு வரிசை. ஹட்டனில் ஒரே பாடசாலையில் படித்தோம். விஞ்ஞானத்தில் அவரைவிட எனக்குப் புள்ளிகள் அதிகம். இதை இங்கே குறிப்பிடத் தேவையில்லை என்பதை அறிவேன்.

2. முதல் படகுப் பயணத்தில் நான் வாந்தி எடுத்தேன். மலையில் பிறந்த பிள்ளைக்குக் கடல் சரிவராது என்று படகுப் பொறுப்பாளர் சிங்களத்தில் கூறி, என்னைக் கரையில் போத்தல் கழுவ விட்டார். வினோதாவும் மலையில் பிறந்தவர்தான். அவருக்கு அன்று வாந்தி வரவில்லை, அவ்வளவே.

3. அதன்பின் திங்கட்கிழமைதோறும் அவர் கடலுக்குப் போனார். படகில் வலையுடன் நிற்கும் அவரது படத்தைப் பதாகையாக அடித்து, றொசல்ல ஸ்டேசனுக்கு அருகில் தோட்டத்தார் கட்டினார்கள். வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் கொழுந்தெடுக்கும் பெண்கள் அவரைப் பற்றியே பேசுவதாக அம்மா சொன்னார். அந்தப் பதாகையைப் பார்க்காதிருக்க, லீவில் வரும்போதெல்லாம் ஒரு ஸ்டேசன் முன்னதாக வட்டவளையிலேயே இறங்கி நடந்தேன்.

4. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. ஆற்றுநீர் கடலில் சேரும் இக்காலத்தில் தாவரப் பிளாந்தன் எனும் நுண்ணுயிர்கள் பெருகும். நீரில் கரைந்து அதன் அமிலத்தன்மையைக் கூட்டும் காபனீரொட்சைட்டு வாயுவின் அளவும் மாறும். அதை அளப்பதே நமது ஆய்வு. ஆகவே போத்தலை விளிம்புவரை நிரப்பி, பிளாந்தன்களைக் கொல்லும் மருந்தைச் சேர்த்து, படகிலேயே மூடவேண்டும். திறந்திருந்தால் வாயு வெளியேறிவிடும். உயிரோடிருக்கும் பிளாந்தன்கள் போத்தலுக்குள்ளேயே நீரை மாற்றிக்கொண்டிருக்கும்.

5. மே 27 மாலை வினோதா என்னிடம், "படகு ஆடுறதுல மருந்து சிந்துதுடி. கரைக்கு வந்துதான் மருந்து ஊத்தி மூடுறேன்" என்றார். செய்முறைத் தாள் ஆங்கிலத்தில் மட்டுமே தரப்பட்டிருந்தது. அகராதி வைத்து அதை முழுதாக வாசித்தவள் நான். பிழை என்று தெரிந்தும் சொல்லவில்லை. ஜூன் 3, 10 ஆகிய நாட்களிலும் சொல்லவில்லை. பிழை வெளிப்பட்டதும் அவரைப் படகிலிருந்து இறக்குவார்கள் என்று காத்திருந்தேன்.

6. ஆனால் ஜூன் 14 கூட்டத்தில், பருவமழை தொடங்கியும் நீரின் அமிலத்தன்மை கூடவில்லை என்று வியந்து, மாதிரி எடுத்த வினோதாவைத் தாங்கள் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினீர்கள். வாயு வெளியேறியதால் வந்த அந்தப் பிழையான முடிவுக்குக் கிடைத்த பாராட்டை என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் ஊருக்கு வரும் ரயிலில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவரைக் குத்தவே சொன்னேன். அவர், "மொத நாளே சொல்லியிருந்தா அங்கயே மூடியிருப்பேனே" என்றார். அன்றிரவே செய்முறைத் தாளைத் தமிழில் எழுதத் தொடங்கினேன்.

7. ஆகவே, அம்மூன்று வார மாதிரிகளையும் ஆய்விலிருந்து நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பருவமழையின் தொடக்கத்தை மீண்டும் அளக்க ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதற்கு நானும் பொறுப்பு. வினோதாவைத் தண்டிக்க வேண்டாம். ஜூன் 17 அன்று அவர் படகிலேயே மூடினார். செய்முறையின் தமிழாக்கத்தை இத்துடன் இணைத்துள்ளேன். சிங்களத்திலும் ஒன்று தேவை. எனக்கு எத்தண்டனை தரினும் ஏற்பேன். அதன் பின்னராவது படகில் எனக்கு இன்னொரு தடவை இடம் தாருங்கள். வினோதா கடலுக்குப் போகும்போது எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. அதை மறைத்துக்கொண்டு இம்மனுவில் கையொப்பமிட மனம் வரவில்லை.

இங்ஙனம்,
பணிவுடன்,
பொ. பிரியந்தினி

இடம்: றொசல்ல
திகதி: 23.06.2024