வெடித்தது கல்தான்

19-10-61, வியாழன்

காலையிலிருந்தே மந்தாரம். மழை வரும் போல.

செய்ய வேண்டியது: ஷெட் கூரைத் தகரத்தில் ஓட்டை, தார் பூச. சேலத்து மக்னீசியாப் பொடி மூட்டைகளுக்கு அடியில் பலகை. பிள்ளைக்கு வசம்பு.

கோவை வார்ப்பட ஆலைக்கு அனுப்ப வேண்டிய மாதிரிக் கற்களை அச்சில் அழுத்தி முடித்தாயிற்று. காய்ந்தபின் சூளை. இரும்பு உருகும் உலைக்குள் சுவராக நின்று காட்டிவிட்டால் ஆர்டர் நமக்கு. அதுவரை ஈரக்காற்று ஆகாது. மக்னீசியாக் கல்லைப் பச்சைப்பிள்ளை மாதிரி பார்க்க வேண்டும் என்று எழுத வந்தேன். பச்சைப்பிள்ளையை நான் எங்கே பார்த்தேன்! பெற்ற மகளைப் பார்த்ததே இரண்டு தடவை.

20-10, வெள்ளி

மாமனார் ஊர் புதுப்பட்டிக்குப் போய் வந்தேன். மூன்றாவது தடவை. மகளுக்குத் தலை நின்றுவிட்டது. என் சுண்டுவிரலைப் பிடித்தவள் விடவே இல்லை. பிரசவத்துக்குப் போனதிலிருந்து அங்கேயே இருக்கும் கோமதிதான் பிரித்துவிட்டாள்.

எப்போது அனுப்புவீர்கள் என்று மாமனாரிடம் மெல்ல ஆரம்பித்தேன்.

“தீபாவளி கழியட்டும் மாப்பிள்ளை.”

போன தடவை புரட்டாசி கழியட்டும் என்றார்.

“ஷெட்டை ஒட்டி வீடு. உள்ள மக்னீசியம். அது எப்படிப் பத்தும்னு எங்க ஊர்க்காரனுக்குத் தெரியாதா?”

“அது மக்னீசியம் மாமா. இது மக்னீசியா. அது எரிஞ்சு தீர்ந்தா மிஞ்சுற சாம்பல்தான் இது. இனிமே எரிய இதுல ஒண்ணுமே இல்ல.”

“பேரு முக்காவாசி ஒண்ணாத்தான இருக்கு?”

அவருடைய தம்பி பட்டாசு ஷெட் வெடித்துப் போனவர். மாமியாரும் இல்லாத வீடு. பிரசவம் பார்க்க வந்த பெரியம்மாவும் ஊர் திரும்பியாயிற்று. மனுஷருக்குக் கோமதியும் பிள்ளையும்தான். எல்லாம் தெரிகிறது. தெரிந்தும் கோபம் வருகிறது.

கோமதி பஸ் வரை வந்தாள். “என்னத்தைச் சாப்பிடுதீக? கழுத்தெலும்பு தெரியுது.” ஒரு தூக்குச் சட்டி நிறையப் புளிக்குழம்பு.

வசம்பு வாங்க மறந்துபோனேன்.

22-10, ஞாயிறு

நல்ல மழை. கரிசல்காட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நமக்குத் திண்டாட்டம். தார் பூசவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிய சோம்பேறித்தனம், வேறென்ன.

ஷெட்டுக்குள் ஒழுகி, கற்கள் ஈரம் குடித்து வீங்கிக் குறுக்கே பிளந்து கிடக்கின்றன. பொடி குழைக்கும் சுப்பையா ஒன்றைக் கையில் எடுத்தார். இரண்டாக வந்தது. “கண்ணு பட்டுருச்சு அண்ணாச்சி” என்றார். என் தப்பைக் கண்ணேறு மேல் போட்ட புண்ணியவான்.

வாசலில் நின்றிருந்தேன். சிவகாசி பஸ் வேகம் குறைந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, “என்ன அண்ணாச்சி, மூஞ்சி செத்துக் கெடக்கு?”

“எல்லாம் வெடிச்சிருச்சுய்யா” என்றேன்.

பஸ் போய்விட்டது.

23-10, திங்கள்

ஒழுங்காக எழுத வருகிறதா பார்ப்போம்.

காலையில் கற்களில் நல்லது கெட்டது பிரித்துக்கொண்டிருந்தேன். ரோட்டிலிருந்து ஒருத்தி ஓடி வருகிறாள். கோமதி! காலில் செருப்பில்லை. முந்தானைக்குள் மகள். வந்த வேகத்தில் என் கை, காது, முதுகு எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சுப்பையா நிற்கிறாரே என்ற கூச்சம்கூட இல்லை.

“வெடிச்சிருச்சுன்னாகளே!”

“கல்லு கோமு. கல்லுதான் வெடிச்சிருச்சு.”

என் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து. “பிளந்துருச்சுன்னு சொன்னா வாயி வலிக்குமோ? எங்க பக்கத்து ஆளுட்டப் போயி வெடிச்சிருச்சுன்னா, என்னத்தைன்னு நெனைப்பாக?”

அப்படியே சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். இதை எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள்.

விசாரித்ததில்: சேதி பஸ்ஸை விட்டுத் திருத்தங்கலில் இறங்கும்போது வெறும் ‘வெடிச்சிருச்சு’. சிவகாசியில் ‘ஷெட்டே தரைமட்டம்’. புதுப்பட்டி போய்ச் சேர்ந்தபோது நான் ஆஸ்பத்திரியில், பேச்சு மூச்சில்லாமல்.

பின்னாலேயே மாமனார். அந்த வயதில் ஓடி வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“இருக்கீகளா மாப்பிள்ளை?” அவ்வளவுதான் கேட்டார்.

“இருக்கேன் மாமா.”

என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

பொழுது சாய, “வா தாயி. நல்ல நாள் பாத்து முறையா அனுப்புதேன்” என்றார்.

கோமதி எழுந்திருக்கவில்லை. “பஸ்ஸுல வர்ற வழி பூரா என்ன நெனைச்சேன் தெரியுமாப்பா? கூட இருக்காமப் போயிட்டமேன்னுதான். ஆகுறது ஆகட்டும். நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்.”

பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினார். அவருக்குப் போட்ட காப்பி ஆறிப்போயிற்று. கோமதி என் பக்கத்தில் இருக்கிறாள். ஆனாலும் ஜெயித்த மாதிரி இல்லை.

24-10, செவ்வாய்

வெயில். தார் பூசியாயிற்று, நானேதான். வேட்டியெல்லாம் தார். குளிக்காமல் பிள்ளையைத் தொடக்கூடாது என்று உத்தரவு.

ஆலைக்கு எழுதிப் போட்டேன்: மாதிரி வரத் தாமதமாகும்.

கோமதி நாலைந்து தடவை ரோட்டைப் பார்த்துவிட்டாள். கேட்டால் “ஒண்ணுமில்ல.”

26-10, வியாழன்

பொடி புதிதாகக் குழைத்தாயிற்று. இந்தத் தடவை காய்கிற கற்கள்மேல் தார்ப்பாயும் உண்டு.

காலை பஸ் வாசலிலேயே நின்றது. கண்டக்டர் என் முகத்தைப் பார்க்காமல் மேலே ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். இறங்கியது மரத்தொட்டில். வைக்கோல் சுற்றி, கோணியில் கட்டி, ஒரு கீறல் இல்லாமல்.

“பெரியவர் சிவகாசி வரைக்கும் கூடவே வந்து ஏத்திவிட்டாக. நீங்களும் வாங்கன்னேன். மாட்டேன்ட்டாக.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“மெதுவா எறக்குன்னாக. அம்புட்டுதான்.”

தொட்டிலையே அனுப்பிவிட்டார் என்றால் இனிக் கேட்க ஒன்றுமில்லை. பிள்ளை இங்கேதான். நான் சந்தோஷமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கோமதி தொட்டில் கட்டையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “எங்க வீட்டுல இப்ப அழுகுறதுக்குக்கூட ஆளில்ல.”

நாளைக்கு முதல் பஸ். மூன்று பேருமாகப் புதுப்பட்டி போய், இரண்டு நாள் அவர் மடியில் பிள்ளையை விட்டுவிட்டு வர வேண்டும். கல்லைச் சுப்பையா பார்த்துக்கொள்வார்.