ஒரு கிலோவுக்கு ஒரு ஜக்கு, ஒரு டம்ளர்

டேய்,

இன்று காலை அரியாங்குப்பத்தில் உன் வீட்டுப் பின்பக்கம் முழுக்க ஊறிய சீரகச்சம்பா வாசனை. உன் மாமா அரிசியை அளந்துகொண்டிருந்தார். கையில் நம் பள்ளி முகாமின் அதே நீல லிட்டர் ஜக்கு. நான்தான் கொண்டுபோயிருந்தேன். உனக்கு முதல் வருஷ நினைவு நாள்; நம் வகுப்புக்கே வெஜிடபிள் பிரியாணி போட வேண்டும் என்று உன் அம்மாவுக்குப் பிடிவாதம்.

“ஏழரை ஜக்கு வருது,” என்றார் மாமா.

“அப்ப சனி உள்ள பூந்துடுச்சு மாமா,” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நீ இருந்திருந்தால் சிரித்துவிட்டு முதுகில் ஒன்று வைத்திருப்பாய்.

“ஒண்ணுக்கு ஒன்றரை தண்ணி. பதினோரு ஜக்கு ஊத்தலாம்,” என்றார் மாமா.

உன் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். “கொழைஞ்சிடக் கூடாதுப்பா. கொழைஞ்ச சோத்த அவன் தொடவே மாட்டான்.” நீ போன பிறகு அவர் பெரிய அடுப்பு மூட்டுவது இதுதான் முதல்முறை.

காலாப்பட்டு முகாம் ஞாபகம் இருக்கிறதா? சமையல்காரர் வரவில்லை. வாய்க்கொழுப்புக்குத் தண்டனையாகத் தக்காளிச் சோறு நம் இருவர் தலையில் விழுந்தது. கிலோ கிலோவாகப் பொட்டலம் கட்டிய அரிசி. பத்துப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினோம். “ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி. இருவது லிட்டர், சிம்பிள்,” என்று கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் நீ ஊற்றினாய். தண்ணீர் வற்றிக்கொண்டே போனது. அரிசி மட்டும் வேகவே இல்லை. வெளியே தட்டுகளைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

“மச்சான், இது தக்காளிச் சோறு இல்ல, தக்காளிச் சரளக்கல்லு.”

நீ முறைத்தாய். மிச்சமிருந்த ஒரு கிலோ பொட்டலத்தைப் பிரித்து இந்த ஜக்கில் கொட்டினாய். ஜக்கு நிறைந்துவிட்டது, பொட்டலத்தில் இன்னும் ஒரு டம்ளர் அரிசி நின்றது.

“டேய், ஒரு கிலோ ஒரு லிட்டர்ங்கறது தண்ணிக்குத்தான்டா! அரிசி ஜாஸ்தி எடம் புடிக்குது!”

ஐந்து டம்ளர் ஒரு ஜக்கு. அப்படியானால் பத்துக் கிலோ அரிசி பன்னிரண்டு ஜக்கு. நான்கு ஜக்குத் தண்ணீர் குறைச்சல். அவசரமாகக் கொதிக்கவைத்து ஊற்றி மூடினோம், தப்பினோம். கிளம்பும்போது அதே ஜக்கை என் பைக்குள் ஒளித்துவிட்டு, “சார், இவன் சுட்டுட்டான்!” என்று மாட்டிவிட்டாய். சார் சிரித்துவிட்டு எனக்கே கொடுத்துவிட்டார்.

இங்கே மாமா முதல் ஜக்குத் தண்ணீரைத் தூக்கினார்.

“மாமா, நிறுத்துங்க! அரிசி ஊறி உப்பிடுச்சு. இப்ப அளந்தா பொய் சொல்லும். ஊறப் போடறப்ப எத்தினி கிலோ?”

“அஞ்சு,” என்றார் உன் அம்மா.

“கிலோவுக்கு ஒரு ஜக்கு, ஒரு டம்ளர். அஞ்சு கிலோன்னா ஆறு ஜக்கு. ஒன்றரைக் கணக்குல ஒம்போது ஜக்குதான்.”

“நீ பொறக்கறதுக்கு முன்னாலயே கரண்டி புடிச்சவன்டா நான்.”

“இது அவன் போட்ட கணக்கு மாமா.”

மாமா ஜக்கைக் கீழே வைத்தார். “ஒம்போதே ஊத்துண்ணா,” என்றார் உன் அம்மா.

தம் உடைக்கும்வரை நான் ஒரு கடி ஜோக்கும் சொல்லவில்லை. அதுவே எனக்குச் சாதனை. மூடியைத் திறந்ததும் உன் அம்மா நாலு பருக்கையை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தார். ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. “உதிரியா நிக்குதுடா,” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. முதல் இலை உன் படத்துக்குத்தான்.

கிளம்பும்போது ஜக்கைக் கழுவி அவரிடம் கொடுத்தேன். “இது இங்கயே இருக்கட்டும்மா.” வாங்கிக்கொண்டு உள்ளே போய், அங்கே கிடந்த என் பையை எடுத்துவந்து கொடுத்தார்.

ஆற்றுப் பாலத்தில் சைக்கிள் குலுங்கியபோது பைக்குள் ஏதோ முதுகில் இடித்தது. ஓரமாக நிறுத்தித் திறந்து பார்த்தேன். ஜக்கு. அதற்குள் ஒரு டம்ளர்.