இசக்கிபாண்டியின் மூன்று விரல்கள்

மணிமங்கலம்
12.8.2014

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். அம்மா நலம். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

போன புதன்கிழமை தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் என்னோடு நிற்கும் இசக்கிபாண்டியின் மூன்று விரல்கள் நசுங்கிவிட்டன. நான்தான் நசுக்கினேன். தகட்டை வைத்துக் கையை எடுத்ததும் 'விடுங்கண்ணே' என்பான், நான் பொத்தானை அமுக்குவேன். எனக்குக் காது போய் வருஷக்கணக்காகிறது, அவன் வாயைப் பார்த்துத்தான் வேலை செய்கிறேன். அன்று தகடு சிக்கி, 'விடாதீங்கண்ணே' என்று கத்தியிருக்கிறான். உதட்டில் 'வி' மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, அமுக்கிவிட்டேன். ரத்தம் என் முகத்தில் அடித்தது. அவன் அலறியதுகூடச் சரியாகக் கேட்கவில்லை, திறந்த வாயைத்தான் பார்த்தேன்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் அண்ணன் சக்திகுமாரும் கூட்டாளிகளும் என்னைக் கீழே தள்ளி மிதித்தார்கள். முன்பல் இரண்டு போயிற்று. நான் கையைத் தூக்கவில்லை. ஆனால் சூப்பர்வைசர் தசரதன், இசக்கிபாண்டி அஜாக்கிரதையாகக் கையை உள்ளே விட்டான் என்று எழுதிக் கையெழுத்து கேட்டபோது பொறுக்கவில்லை. தப்பு என்னுடையது, எனக்குக் காது கேட்காது என்றேன். 'இன்னாய்யா கதை வுடறே, உன் பொண்ணே டெஸ்ட் பண்ணி காது நல்லா கீதுன்னு எழுதிக் குடுத்துகீது' என்று சிரித்தான். அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் இடித்தேன், நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள்.

அவன் சொன்னது பொய்யில்லையே அம்மா. நீ இந்தக் காது சோதிக்கும் படிப்பில் சேர்ந்தபோது, காது மிஷின் விற்கவா படிப்பு என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். நீ முடிப்பதற்குள் ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு டெஸ்ட் வண்டியே வர ஆரம்பித்துவிட்டது, நீயும் முதல் வேலையாக அதில்தான் எங்கள் கம்பெனிக்கு வந்தாய். வண்டிக்குள் திருப்பி உட்காரவைக்க இடமில்லை என்று என்னை எதிரே உட்காரவைத்தாய். ஹெட்போனில் ஒன்றுமே கேட்கவில்லை. நீ சத்தம் கொடுக்கும்போதெல்லாம் உன் இடது புருவம் ஏறியது, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம். அதைப் பார்த்துப் பார்த்துக் கையைத் தூக்கினேன். லைனிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம், உன்னோடு வந்தவர்கள் முன்னால் உனக்குத் தலைகுனிவு என்ற வீம்பு. நீ சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாய்.

திங்கட்கிழமை விசாரணை. நான் வாயை மூடிக்கொண்டால் பழி இசக்கிபாண்டி மேல், அவன் வேலையும் போய்விடும். உண்மையைச் சொன்னால் உன் கையெழுத்து பொய்யாகும், மஸ்கட்டில் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வரை பேச்சு வரலாம். சொல்லத்தான் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் சொல்லி முடித்திருப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. இனி டெஸ்டுக்கு யார் வந்தாலும் உன் முகம் தெரியாதபடி உட்காரவை, உன்மேல் பாசம் உள்ளவனாக இருந்தால் கட்டாயம்.

இப்படிக்கு
உன் அப்பா
மு. வரதராஜுலு