தழும்புக்குக் கழித்த புள்ளிகள்

திருகோணமலை,
08.07.2007

அன்பின் அருள்மலர் அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீங்களும் அத்தானும் குளிரில்லாத இந்த மாதத்தில் சுகமாக இருப்பீர்கள்.

நீங்கள் அனுப்பிய சாமுராய்க் கார்ட்டூன் தொடர் வந்தது. தபால் சோதனையில் பெட்டியைக் கிழித்துவிட்டார்கள். மூன்று டிவிடி இறுவட்டுகளும் ஒரு தாளில் சுற்றியபடி வந்தன. அவற்றில் எண் இல்லை, வெறும் கோடுகள்தான். கையில் வந்ததை முதலில் போட்டோம்.

தரம் எப்படி என்று கேட்டீர்கள். படத்துக்குப் பத்துக்கு ஒன்பது. மழை உண்மையாகவே நனைக்கிறது. ஒலிக்கு எட்டு. கீழே ஓடும் ஆங்கிலம் வேகம். அம்மாவுக்கு நான் தமிழில் சொல்வதற்குள் ஆள் வெட்டுப்பட்டு விடுகிறான். கதைக்கு நாலுதான். முதல் பார்த்த இறுவட்டின் முடிவில் இளைய வாள்வீரன் செத்துவிட்டான். தாய் சாம்பலையும் வாங்கிவிட்டாள். அடுத்ததில் அவனே படலையைத் திறந்துகொண்டு வந்து சோறு கேட்கிறான்! ஒரு விளக்கமும் இல்லை. கன்னத்தில் இருந்த தழும்பையும் காணவில்லை. வரைந்தவர்களின் கவனயீனம். அதற்கு மட்டும் இரண்டு புள்ளி கழித்தேன்.

அம்மாவோ அந்த இடத்தை மூன்று தரம் போடச் சொன்னா. சின்னண்ணா பேணாட் சண்டை நேரம் மூதூருக்குப் போய்த் திரும்பாத இந்தப் பதினொரு மாதத்தில், அம்மா கதிரையில் இருந்து முழுதாகப் பார்த்தது இது ஒன்றைத்தான்.

அன்புத் தங்கை,
கிறிஸ்டின்


ரொறன்ரோ,
02.08.2007

என் அருமைக் கிறிஸ்டின்,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துச் சிரித்தேன். விசரி, அந்தக் கோடுகள்தான் யப்பானிய எண்கள். மூன்று கோடு உள்ளதை நீங்கள் முதலில் பார்த்திருக்கிறீர்கள். அவன் செத்தபின் திரும்பி வரவில்லை. சாவது கடைசியில்தான். அம்மாவுக்கு இதைச் சொல்லாதே.

இன்னொன்று. கனடாவுக்கு வரும் படிவத்தில் அம்மா மூன்று பேர் என்று நிரப்பி அனுப்பியிருக்கிறா. பேணாட்டின் பெயரும் இருக்கிறது. ஆளில்லாமல் ஏற்கமாட்டார்கள். அவனை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டா. செப்டெம்பருக்குள் திருத்தாவிட்டால் உன் இடமும் போய்விடும். நீ மெல்லக் கதைத்துப் பார்.

உன்
அக்கா


திருகோணமலை,
27.08.2007

அன்பின் அக்காவுக்கு,

படிவம் பற்றி நான் கதைக்கவில்லை. இறுவட்டு பற்றிச் சொல்லிவிட்டேன். கோபிக்க வேண்டாம். பிழையாகப் புள்ளி போட்டுவிட்டு மறைத்து வைக்க என்னால் ஏலாது. குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை.

"எனக்குத் தெரியும் மகள்."

"எப்ப தொடக்கம்?"

"அண்டைக்கே. தழும்பில்லாத முகமெண்டா தழும்பு வாறதுக்கு முந்தின முகம். இதுக்கு இங்கிலிசு படிக்க வேணுமே?"

"அப்ப ஏனம்மா சொல்லேல்ல?"

"நீ பெரிய வாத்தியார் மாதிரிப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தனி. அதைக் குழப்புறது ஏன்?"

பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, "சரியான ஒழுங்கில போடு, பாப்பம்" என்றா.

கரண்ட் நின்று நின்று வந்ததால் மூன்று பின்னேரம் எடுத்தது. கடைசி இடம் வந்தபோது நிப்பாட்டட்டோ என்று கேட்டேன். "வேண்டாம், ஓட விடு." தாய் சாம்பலை வாங்கும்வரை என் கையைப் பிடித்திருந்தா. விரல் நொந்தது. நான் எடுக்கவில்லை.

"நல்ல கதைதான். நாலு குடுத்தது அநியாயம்" என்றா. இப்போது ஒன்பது கொடுத்திருக்கிறேன்.

நேற்று ஞாயிறு, கோயிலில் அண்ணாவுக்குப் பூசை கேட்டு எழுதிக் கொடுத்தோம். மாதா மாதம் அம்மா எழுதுவது அவர் சுகமாக வர வேண்டும் என்றுதான். இம்முறை, இறந்தவர்களுக்கு எழுதுவது போல, ஆத்தும இளைப்பாற்றிக்கு என்று எழுதினா. எழுத்து வழமை போல நேராகத்தான் இருந்தது.

அம்மாவே திருத்திய படிவத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். இரண்டு பேர்.

அன்புத் தங்கை,
கிறிஸ்டின்